டிரைவருக்குப் பின்னால் ஒரு தத்துவஞானி

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிலிப்பீன்ஸின் கேசோன் சிட்டியில் எந்த ஜீப்னி வண்டியில் ஏறினாலும் அவளைப் பார்த்துவிடலாம். டிரைவரின் முதுகுக்கு நேர் பின்னால், மடியில் புத்தகப் பை, பைக்கு மேல் கைப்பேசி, வெள்ளைச் சட்டைக் காலரில் மத்தியானம் சிந்திய சாஸ். பன்னிரண்டாம் கிரேடு. வயது பதினேழரை. வாழ்க்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

யோசிக்க இதைவிட மோசமான இடம் மணிலா வட்டாரத்திலேயே கிடையாது. ஜீப்னிக்குக் கண்டக்டர் இல்லை. எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சு. பின்வாசலில் ஏறி உட்கார்ந்து "பயாத் போ" (இந்தாங்க காசு) என்று முன்னே நீட்டினால், அது கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போய்ச் சேரும். மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். கடைசிக் கை எப்போதும் டிரைவருக்குப் பின்னால் இருப்பவருடையது, சம்பளமில்லாத உத்தியோகம். ஆகவே, "நான் யார், எங்கே போய்க்கொண்டிருக்கிறேன்?" என்று இவள் உள்ளுக்குள் ஆரம்பித்த உடனே, "ரெண்டு பேரு, ஒண்ணு ஸ்டூடண்ட், ஃபில்கோவாவுக்கு!" என்று பின்னாலிருந்து பதில் வந்துவிடும்.

மாணவர்களுக்குக் கட்டணத்தில் 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2019-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். காலேஜ் மாணவர்களுக்கும் அது உண்டு. காலேஜுக்குப் போவது என்று தீர்மானித்ததற்கு அவள் கைவசம் வைத்திருக்கும் காரணங்களில் இதுவரை உறுதியானது இது ஒன்றுதான்.

கைமாறும் ஒரு பெசோக் காசில் ஹோசே ரிசால் இருக்கிறார். அவருக்கும் இவளுக்கும் நெடுநாள் மனத்தாங்கல். ஒன்பதாம் கிரேடில் அவருடைய ஒரு நாவலைப் படிக்க வேண்டும்; பத்தாம் கிரேடில் இன்னொன்று. ரிசாலைப் படிக்காமல் எவரும் படிப்பை முடிக்க முடியாதபடி 1956-இலேயே சட்டம் செய்துவிட்டார்கள். படிப்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. ஒப்பிடுவதில்தான் ஆட்சேபம். கவிஞர், சிற்பி, பல மொழி தெரிந்தவர், கண் மருத்துவர். 35 வயதில் ஸ்பானியர்கள் சுட்டுக்கொல்வதற்குள் இத்தனையும் செய்து முடித்திருக்கிறார். முதல் நாவல் 1887-இல் பெர்லினில் அச்சானபோது அவருக்கு 25. "அப்போ இன்னும் ஏழு வருஷம் இருக்கு" என்று அவள் கணக்குப் போட்டு ஆறுதல் அடைவாள். ஆனால் அவர் தம் அம்மாவின் கண்ணுக்குத் தாமே அறுவைச் சிகிச்சை செய்தார் என்ற பாடத்தை மட்டும் அவளால் தாண்ட முடியவில்லை. அவள் தன் அம்மாவின் பார்வைக்குச் செய்திருப்பது, கைப்பேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக் கொடுத்தது.

அந்த அம்மா ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். அம்மா காலத்தில் ஆறும் நாலும் பத்து வருஷத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். 2013-இல் சட்டத்தை மாற்றி அதன் மேல் இரண்டு வருஷம் ஏற்றினார்கள். 2018-இல்தான் முதல் பன்னிரண்டாம் கிரேடு வெளியே வந்தது. பதினெட்டு வயதில் வேலைக்குத் தயாராக வெளியே வருவார்கள் என்பது திட்டம். வேலை கொடுப்பவர்கள் மட்டும் வழக்கம்போல "டிகிரி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதில் இவளுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் வேறு. உலகத்து அம்மாக்கள் எல்லாரும் சொல்லும் "உன் வயசுல நானெல்லாம் காலேஜுக்குப் போயாச்சு" என்ற வாக்கியம், இவள் அம்மா வாயில் சட்டபூர்வமான உண்மையாகிவிட்டது. எதிர்த்துப் பேச முடியாது.

பதினோராம் கிரேடில் பிரிவு எடுக்க வேண்டியிருந்தது. அறிவியலும் கணக்கும் ஸ்டெம், வணிகம் ஏபிஎம், மொழி, சமூகம், மனித குலம் எல்லாம் ஹம்ஸ். மனித குலத்தின் மேல் திடீர்ப் பாசம் பொங்கி ஹம்ஸ் எடுத்தாள். கணக்கிலிருந்து தப்பித்தோம் என்று முதல் நாள் போய் உட்கார்ந்தால், பொதுக் கணிதமும் புள்ளியியலும் எல்லாப் பிரிவுக்கும் கட்டாயம். அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அதே காரணத்துக்காக வந்தவர்கள் என்பது தெரிந்து, அன்றைக்கே ஆழ்ந்த நட்பு உண்டாயிற்று.

அந்த நட்பைக் குலைக்கவென்றே பாடத்திட்டத்தில் 'ஆராய்ச்சி' என்று ஒரு பாடம் இருக்கிறது. ஐந்து பேர் ஒரு குழு. ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி பிரிண்ட் எடுக்கக் காசு கொடுப்பாள், ஒருவன் தின்பண்டம் வாங்கி வருவான், ஒருவன் "நான் என்ன பண்ணட்டும்?" என்று மூன்று மாதம் மெசேஜ் போடுவான், ஐந்தாமவன் பெயர் முதல் பக்கத்தில் மட்டும் தென்படும். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: சமூக ஊடகம் பன்னிரண்டாம் கிரேடு மாணவர்களின் தூக்கத்தை எப்படிப் பாதிக்கிறது. இவள் அதை ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு கண் மெசஞ்சரில் இருக்க, எழுதி முடித்தாள். ஆய்வுக்கு உட்பட்டவரும் ஆய்வாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று ஆசிரியை சிவப்பு மையில் குறிப்பு எழுதினார்.

எதிர்காலம் பற்றிய ஆலோசனைக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அன்றுதான் ஓய்வு. சென்ட்ரல் பகுதியில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து, சாப்பாட்டைப் பரப்பிக்கொண்டு கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அம்மா அங்கிருந்துதான் வீடியோவில் வருவாள். தனியாக வந்தால் பரவாயில்லை. அட்டையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து தீத்தாக்களும் (ஊரில் எந்த நடுவயதுப் பெண்ணும் தீத்தாதான், அத்தையா சித்தியா என்ற ஆராய்ச்சி கிடையாது) திரைக்குள் தலையை நீட்டுவார்கள்.

"நர்ஸிங் எடும்மா. லண்டன், துபாய், எங்க வேணும்னாலும் போலாம்."

"நர்ஸிங் வேணாம், அக்கவுண்டன்சி. உட்கார்ந்த இடத்துல வேலை."

"இளைச்சுப் போயிட்டியே!"

"எங்க இளைச்சா? குண்டாயிட்டா."

"பாய்ஃபிரண்ட் இருக்கா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு "இருக்கு" என்றாலும் தப்பு, "இல்லை" என்றாலும் தப்பு. "சிக்னல் சரியில்ல, தீத்தா" என்பதே தலைமுறை தலைமுறையாகப் பரிசோதிக்கப்பட்ட விடை. உள்ளூரில் அப்பாவுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கப்பலில் இருக்கும் மாமாவுக்கு ஒன்று. எதிர்வீட்டுச் சாரி-சாரி பெட்டிக்கடைக்காரருக்கு இரண்டு. யாரும் கேட்காததால் தன் அபிப்பிராயத்தை இவள் இன்னும் உருவாக்கவில்லை. தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாள்.

அவளுக்கென்று முழு அதிகாரம் உள்ள ஓரிடம் பள்ளி வாசலில் இருக்கிறது. மீன் உருண்டை வண்டி. கொதிக்கும் எண்ணெயில் உருண்டைகள் மிதக்கும். மாவில் தோய்த்த காடை முட்டை, ஆரஞ்சு நிறத்தில், 'குவெக்-குவெக்' என்ற பெயரோடு உடன் மிதக்கும். மூங்கில் குச்சியைத் தானே எடுத்து, தானே குத்தி, எத்தனை தின்றோம் என்பதைத் தானே சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். கணக்குப் பாடத்தை வெறுத்த பெண்ணை ஒரு நாடு இவ்வளவு நம்புவது இங்கேதான். பிறகு சாஸ். இனிப்பா, காரமா, வெங்காயம் மிதக்கும் காடியா? மூன்று ஜாடிகளுக்கு முன்னால் குச்சியும் கையுமாக அவள் நிற்கும் நிலையைப் பார்க்க வேண்டும். நர்ஸிங்கா அக்கவுண்டன்சியா என்பதற்கு அரை நிமிஷம்கூடச் செலவழிக்காதவள், இங்கே பின்னால் வரிசை நீளுவதைக்கூடப் பொருட்படுத்த மாட்டாள். ஒரு தடவைதான் முக்கலாம், கடித்ததை மறுபடி முக்கக் கூடாது என்பது எழுதப்படாத அரசியல் சாசனம். ஒரே வாய்ப்பு, திருத்த முடியாது. இனிப்பை முடிவு செய்து, கடைசிக் கணத்தில் காடியில் முக்கி, வீடு வரை வருந்துவாள். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் தங்கள் பதினேழாம் வயதை மறந்தவர்கள்.

இன்னோர் அதிகாரி மேயர். வருஷத்துக்குச் சுமார் இருபது புயல் அந்த நாட்டின் வானிலைக் கண்காணிப்பு எல்லைக்குள் எட்டிப் பார்க்கும். மழை வலுத்தால் பள்ளி விடுமுறை விடுவது மேயர் கையில். ராத்திரி பத்து மணிக்கு அவருடைய முகநூல் பக்கத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிடுவார்கள். பக்கத்து நகரத்து மேயர் லீவு விட்டு இவர் விடாவிட்டால், அடுத்த தேர்தலில் தங்களுக்கு ஓட்டுரிமை வந்துவிடும் என்பதை மரியாதையாக நினைவூட்டுவார்கள்.

வீட்டில் லோலா (பாட்டி) இந்த மழை ஆசைக்கு நேர் எதிர்க்கட்சி. பிலிப்பீன்ஸ் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். 2017-இலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால், இந்தத் தேர்வு குடும்பத்துக்கே வாழ்வா சாவா. பாட்டி நம்புவது கட்டிபுனான் சாலையில் இருக்கும் சாந்தா கிளாரா மடத்தை. அங்கே முட்டை காணிக்கை கொடுத்தால் பரீட்சை கைகூடும், மழையும் வராது என்பது ஐதீகம். ஒரு டஜன் முட்டை போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் முழுக்க ஒரு பொட்டு மழை இல்லை. ஒரு நாள்கூட லீவு இல்லை. முட்டைக்கு இவ்வளவு பவர் இருக்கும் என்று எதிர்பார்க்காத பேத்தி, சாந்தா கிளாராவின் மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறாள்.

பதினெட்டாம் பிறந்த நாள் வேறு நெருங்குகிறது. பெண்ணுக்குப் பதினெட்டு ஆனால் 'டெபூ' வைக்க வேண்டும்: பதினெட்டு ஆண்கள் ஆளுக்கொரு ரோஜாவோடு வந்து ஆட வேண்டும், பதினெட்டுப் பெண்கள் மெழுகுவத்தி ஏற்றி வாழ்த்த வேண்டும். அவ்வளவு ஆண்களுக்கு எங்கே போவது? அப்பா, தம்பி, மாமாக்கள், பெட்டிக்கடைக்காரர் எல்லாரையும் எழுதியும் பட்டியல் பதினொன்றில் நின்றது. பன்னிரண்டாவதாக ஒரு பெயரை எழுதி, அடித்து, அடித்ததையும் தம்பி படித்துவிடாதபடி மேலே பூப் போட்டு வைத்திருக்கிறாள். "டெபூவா, லேப்டாப்பா?" என்று அம்மா கேட்டதும் ஒரு நொடியில் "லேப்டாப்" என்றாள். பூவின் அடியில் இருக்கும் பையன் தப்பித்தான்.

ஏப்ரலில் பட்டமளிப்பு. ஏப்ரல் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2024-இல் அந்த வெயிலும் ஜீப்னி வேலைநிறுத்தமும் சேர்ந்து, நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் இரண்டு நாள் நேர் வகுப்புகளையே நிறுத்தினார்கள். விழாவுக்குக் கழுத்து முதல் கணுக்கால் வரை அங்கி. கூரை போட்ட பாஸ்கெட்பால் மைதானத்தில் வெர்டியின் அணிவகுப்பு இசைக்கு ஒத்திகை பார்த்த நேரத்தில் புள்ளியியல் முழுவதையும் இன்னொரு தரம் நடத்தியிருக்கலாம். 2016-இல் வந்த விதிப்படி சராசரி 90 எடுத்தால் 'வித் ஆனர்ஸ்', 95 எடுத்தால் 'வித் ஹை ஆனர்ஸ்', 98-உம் அதற்கு மேலும் எடுத்தால் 'ஹையஸ்ட்'. சில வகுப்புகளில் மேடையேறுகிறவர்கள் அதிகம், கைதட்டக் கீழே இருப்பவர்கள் குறைவு. இவளுக்கு 95. எப்படி வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை, ஆராய்ச்சியாக இருக்கலாம்.

மறுநாள் தெருமுனையில் தார்ப்பாலின் பேனர். இவள் அங்கியோடு சிரிக்கிறாள். கீழ் மூலையில், இவள் முகத்தில் பாதி அளவுக்கு, அடுத்த தேர்தலில் பரங்காய் (வட்டார) கவுன்சிலுக்கு நிற்க உத்தேசித்திருக்கும் ஒருவர் "வாழ்த்துகளுடன்" சிரிக்கிறார். அவர் இவளை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. பேனர் செலவு அவருடையது.

ஜூனில் மழை பிடித்ததும் சமையல்கட்டுக் கூரை ஒழுகியது. அப்பா பேனரை அவிழ்த்து வந்து கூரை மேல் விரித்தார். ஞாயிற்றுக்கிழமை. வீடியோவில் அம்மாவும் தீத்தாக்களும் மேற்பார்வை.

"முகம் வெளிய தெரியற மாதிரி கட்டுங்க" என்றாள் அம்மா.

"கூரை மேல யாரு பாக்கப் போறா?" என்றார் அப்பா.

லோலா ஏணியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "முகம் மடிஞ்சாலும் பரவாயில்ல. அந்த ஆளு மூலைய ஒழுகுற பக்கம் போடு. 'ஹை ஆனர்ஸ்' எதிர்வீட்டைப் பாத்து இருக்கட்டும்."