டைமரும் பூட்டின் இனமே: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு, அலமாரிப் பூட்டு, தந்திரப் பூட்டு என்று அந்த வம்சத்தில் கிளைகள் பல. வம்சாவளி எழுதியவர்கள் ஒரு பங்காளியை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பது இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் செருகி, அதன் முதுகில் விளக்கின் பிளக்கைச் செருகினால், சொன்ன நேரத்துக்கு விளக்கை ஏற்றி அணைக்கிற உள்ளங்கை அளவு டைமரே அந்தப் பங்காளி. மின்சாதனக் கடைகளில் இதைக் கொசு மட்டைக்கும் சீரியல் செட்டுக்கும் நடுவே தொங்கவிட்டிருக்கிறார்கள். நியாயமாக அது திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் மாங்காய்ப் பூட்டின் அருகில் தொங்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டைக் காப்பது எதுவோ அது பூட்டு. டைமர் அதைச் செய்கிறது. ஆகவே அது பூட்டு. இவ்வளவுதான் வாதம். இதற்கு ஆதாரம் தருவதும், வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இதிலிருந்தே வருவிப்பதும்தான் மிச்ச வேலை.

பூட்டின் வலிமை இரும்பில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் கதவை உற்றுப் பார்க்காதவர்கள். கடப்பாரையோடு வருகிறவன் பூட்டைத் தொடுவதே இல்லை, நாதாங்கியைப் பெயர்க்கிறான். பூட்டு அப்படியே பூட்டியபடி கீழே கிடக்கும். பூட்டு செய்வதில் பாதி, சேதி சொல்கிற வேலை. திண்டுக்கல் ஆசாரிமார் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். சாவியைத் திருப்பத் திருப்ப மணியடிக்கும் மணிப்பூட்டு வீட்டுக்காரருக்குச் சேதி சொல்கிறது. தந்திரப் பூட்டு திருடனுக்குப் பொய்ச் சேதி சொல்கிறது. ஆனால் எவ்வளவு கெட்டிக்காரப் பூட்டானாலும் வெளியே தொங்கும்போது ஒரு ரகசியத்தை உளறிவிடும்: வீட்டில் யாரும் இல்லை. பூட்டு பெரிதாகப் பெரிதாக உளறலும் உரக்கக் கேட்கும். இந்த உளறலை மறுத்துப் பேச இன்னொரு பூட்டு வேண்டியிருக்கிறது. மாலை ஆறேகாலுக்கு ஜன்னலுக்குப் பின்னால் எரிகிற ஒரு பல்பு அந்த வேலையைச் செய்கிறது.

கடிகாரத்துக்கும் பூட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் அமெரிக்கா வரை போக வேண்டும். அங்கே வங்கிக் காசாளர்களை இரவில் வீடு புகுந்து மிரட்டி, அவர்கள் கையாலேயே பெட்டகத்தைத் திறக்கவைக்கும் கொள்ளையர்கள் பெருகினார்கள். 1873-ல் ராச்செஸ்டர் நகரத்து ஜேம்ஸ் சார்ஜென்ட் பூட்டுக்குள் கடிகாரத்தை வைத்துவிட்டார். குறித்த நேரம் வரும்வரை முதலாளியே வந்தாலும் திறக்காது. ஆகவே காசாளரை மிரட்டிப் பயனில்லை. கல்யாணம் அப்போதே முடிந்துவிட்டது. நம் டைமர், தனிக்குடித்தனம் போய் விளக்கோடு குடியிருக்கிற அதே கடிகாரம்.

உறவை நிறுவியாயிற்று, இனித் தேர்வு. கடையில் பெரும்பாலும் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று வட்டத் தட்டு வைத்தது. தட்டின் விளிம்பில் 96 பற்கள், பல்லுக்குக் கால் மணி நேரம். எரிய வேண்டிய நேரத்துக்கான பற்களை நகத்தால் அழுத்திவிட்டால் போதும். படிப்பு தேவையில்லை, மூக்குக்கண்ணாடி தேவை. உள்ளே ஒரு குட்டி மோட்டார் கரண்ட் இருந்தால் சுற்றும், போனால் நிற்கும். நேரத்தை அளப்பதாக அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும், அது அளப்பது மின்வாரியத்தின் சப்ளையை மட்டுமே. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை ஷட் டவுன் என்று பேப்பரில் வருகிறதே, அந்த ஒரு நாளில் தட்டு 8 மணி நேரம் பின்தங்கிவிடும். மாலை 6 முதல் இரவு 10 வரை எரிய வேண்டிய விளக்கு, நள்ளிரவு 2-க்கு விழித்துக் காலை 6-க்குத் தூங்கும். இதைக் குறை என்று தள்ள அவசரப்பட வேண்டாம். நள்ளிரவு 2 மணிக்கு விளக்கெரிந்தால், பிளஸ் டூ பிள்ளை படிக்கிறது என்று திருடன் ஒதுங்கிப் போக இடமுண்டு. நீட் எழுதுகிற பிள்ளை என்று இழுத்தால் மே முதல் வாரம் வரைகூட இந்த வாதம் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு எடுபடாது. ஊரே கொடைக்கானலுக்குக் கிளம்புவதோ அதற்குப் பிறகுதான்.

2012-ல் நிலைமை இன்னும் விசித்திரம். மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன காலம் அது. பாதி நாள் மட்டும் மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், தட்டுக்கு ஒரு நாள் என்பது நமக்கு இரண்டு நாள். தைப்பொங்கலன்று நேரம் வைத்த தட்டுக்கு, நமக்கு ஆடி பிறக்கும்போது சித்திரைதான் பிறந்திருக்கும். இந்த வகையில் ஒரு தனிப் பஞ்சாங்கமே தேவைப்பட்டது, யாரும் கணிக்கவில்லை. ஆனால் தீர்வும் அந்த ஆண்டுகளிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. வயிற்றெரிச்சலோடு வாங்கிய இன்வெர்ட்டரில் ஹால் லைட்டும் ஃபேனும் சேர்ந்த லைனில் பெரும்பாலும் ஒரு சின்ன பிளக் பாயின்ட் இருக்கும். மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். தட்டு டைமரை அதில் செருகினால், பேட்டரி தாங்கும்வரை அதற்கு மின்வெட்டே தெரியாது. தெருவே இருண்டிருக்கும்போது இந்த வீடு மட்டும் எரிந்தால் திருடனுக்குச் சொத்து விவரம் கொடுத்த மாதிரி ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஆளும் இருப்பதாகத்தான் அவன் நினைப்பான், கணக்குச் சரியாகிவிடுகிறது.

இரண்டாவது வகை, எண்கள் தெரியும் டிஜிட்டல் டைமர். உள்ளே குட்டி பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் நேரம் மறக்காது. பட்டன்கள் எள்ளளவு இருப்பதால், பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்வரை காத்திருந்து நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பீரோவில் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி செத்து எல்லாம் மறந்துபோகும். வைஃபையில் ஓடும் ஸ்மார்ட் பிளக்கும் உண்டு. ரவுட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் போகும் பழக்கமுள்ள குடும்பங்கள் அதை நெருங்க வேண்டாம்.

வானியலிலும் நம் ஊர் டைமருக்கு அனுகூலமானது. லண்டனில் குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும், கோடையில் இரவு 9-ஐத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அங்கே டைமர் வைத்திருப்பவர் ஆண்டு முழுவதும் பற்களை நோண்டிக்கொண்டிருக்க வேண்டும். திண்டுக்கல்லில் நவம்பரில் 6 மணியை ஒட்டியும் ஜூலையில் 6.40-ஐத் தாண்டியும் சூரியன் மறைகிறது. மொத்த வித்தியாசம் மூன்று பல். செலவும் அற்பம். 9 வாட் எல்இடி பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 2.7 யூனிட். டைமர் தன் பங்குக்கு 1 வாட் இழுப்பதாக வைத்தால், இரவு பகலாக ஓடி 1.44 யூனிட் தின்னும். விளக்கின் சாப்பாட்டில் பாதியைக் காவல்காரன் சாப்பிடுகிறான் என்பது கொஞ்சம் உறுத்தலாக இருந்தாலும், எல்லாம் 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கிவிடும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவதும் வலுவானதும்: எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, “ரெண்டு நாளு சாயங்காலம் லைட்டப் போட்டு விட்ருங்கக்கா” என்றால் முடிந்தது, இதற்கு ஒரு கருவியா? அக்காவின் மேன்மையை இக்கட்டுரை மறுக்கவில்லை. அவருக்கு மின்வெட்டால் நேரம் பின்தங்காது; தெரியாத முகம் வாசலில் நின்றால் “யாருய்யா அது?” என்று கேட்கும் வசதி எந்த டைமரிலும் இல்லை. ஆனால் இலவசம் என்பது தவறு. பழனிக்குப் போனால் பஞ்சாமிர்த டப்பா, கொடைக்கானலுக்குப் போனால் சாக்லேட், கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பையோடு சேர்த்து யார் யார் வந்தார்கள், பெண்ணுக்கு எத்தனை பவுன் என்ற முழு அறிக்கை. டைமர் எதையும் கேட்பதில்லை. அக்காவும் அதே கல்யாணத்துக்கு வந்துவிடுகிற முகூர்த்த நாள்களில் அதுவே கதி.

இரண்டாவது எதிர்வாதம் கோலம் சம்பந்தப்பட்டது. நம் பக்கத்தில் ஆளில்லாத வீட்டைக் காட்டிக்கொடுப்பது இருட்டைவிட அதிகமாக வாசல்தான். மாலையில் விளக்கெரிந்த வீட்டில் காலையில் தெளிக்காத வாசலும், கேட்டில் செருகிய இரண்டு நாள் பேப்பரும் இருந்தால் டைமரின் சாட்சியம் செல்லாது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பேப்பரையும் பாலையும் நிறுத்தச் சொல்வதும், காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதும் டைமரோடு சேர்ந்த கடமைகள். கோலத்துக்கு மட்டும் காலம் வழிவிட்டிருக்கிறது: படியில் பெயின்டிலோ ஸ்டிக்கரிலோ போட்ட கோலம் பெருகிவிட்டதால், வீட்டில் ஆள் இருக்கும்போதே இல்லாத மாதிரியும் இல்லாதபோது இருக்கிற மாதிரியும் வாசல்கள் ஆகிவிட்டன. அழகு குறைந்தது, ஆய்வுக்கு உதவியது. மூன்றாவது, விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைச் சாத்தினால் லட்சுமி வரமாட்டாள் என்பது. டைமர் விளக்கை ஏற்றி லட்சுமியைக் கூப்பிடுகிறது, மாங்காய்ப் பூட்டு வாசலில் நிறுத்துகிறது. பூஜை அறை விளக்கை டைமரில் சேர்க்காமல் ஹால் பல்பை மட்டும் சேர்த்தால் இந்தச் சிக்கல் எழாது.

டைமரில் எதைச் செருகக் கூடாது என்பதும் இதே கொள்கையிலிருந்து வரும். ஃபிரிட்ஜ் வேண்டாம், அது காவல் காப்பதில்லை, மாவுதான் புளிக்கும். 2000 வாட் ஹீட்டர் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் டைமரில் அதைச் செருகினால் பூட்டே உருகும். தண்ணீர் மோட்டார் கிளம்பும்போது இன்னும் அதிகமாக இழுக்கும். அதற்குத் தனி ஸ்டார்ட்டர் வேண்டும். டிவியைச் செருகினால் கரண்ட் வந்தும் பலவற்றில் சிவப்புப் புள்ளி மட்டுமே எரிந்துகொண்டிருக்கும். சீரியல் ஓடாத வீட்டை எந்தத் திருடனும் குடும்பம் இருக்கும் வீடாக மதிக்கமாட்டான்.

மிச்சமிருப்பது ஒழுங்கின் ஆபத்து. மனிதர்கள் ஒரே நிமிடத்தில் தினமும் விளக்குப் போடுவதில்லை. சில டிஜிட்டல் டைமர்களில் இதற்கென்றே ரேண்டம் என்று ஒரு பட்டன் உண்டு, அது நேரத்தை முன்பின்னாக மாற்றும். தட்டு டைமர் வைத்திருப்பவர்கள் பற்களை நடுநடுவே விட்டு அழுத்த வேண்டும். தெரு முழுக்க டைமர் வந்துவிட்டால் இதுவும் போதாது: முகூர்த்த நாளில் 14 வீடுகளிலும் சரியாக 6.15-க்கு விளக்கெரிந்தால் தெருவே கல்யாணத்துக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு ஒரு பல் தள்ளி வைத்தாலோ 14-ஆவது வீட்டுக்கு இரவு 9.30 ஆகிவிடும். ஆகவே மூன்று நேரங்களுக்குள் வீடுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு எல்லாரும் உட்கார்ந்து, யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும். கூட்டத்தை எதிர்வீட்டு அக்கா வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம், 6.15 தனக்குத்தான் வேண்டும் என்று அவர் முதலிலேயே சொல்லிவிடுவார்.