இடது மரை

சென்னையில் ஹெரால்டு கார் வைத்திருப்பவனுக்கு எப்போதும் இரண்டு வண்டி. ஒன்று வீட்டு வாசலில் நிற்கும். இன்னொன்று புதுப்பேட்டையில், பத்துப் பதினைந்து கடைகளின் கோணி மூட்டைகளில், பிரிந்து கிடக்கும்.

அம்பாசடர்காரர்களுக்கு இந்தத் துன்பம் புரியாது. அவர்கள் வண்டி 2014 வரை தயாரானது. இன்றைக்கும் எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும். எங்களுடையது அநாதை. வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து 1961இல் வரத் தொடங்கிய அசல் சென்னைப் பிள்ளை. தொழிற்சாலையை 1980களின் கடைசியில் மூடிவிட்டார்கள். கடைசிக் காலத்தில் அங்கே செய்த ஸ்டாண்டர்டு 2000 காருக்கு இங்கிலாந்து ரோவரின் உடம்பு. மூடிய பிறகு மிச்சம் கிடந்த ரோவர் பாகங்களை இங்கிலாந்து வியாபாரிகளே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். வெள்ளைக்காரனே தன் வண்டிக்கு ஸ்பேர் தேடி இவ்வளவு தூரம் வரும்போது, நான் பஸ் பிடித்துப் புதுப்பேட்டை போவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதே ஒரு காட்சி. மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாவற்றோடும் மூஞ்சி மொத்தமும் முன்பக்கம் கவிழ்ந்துகொள்ளும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அப்படி உட்கார்ந்துதான் மெக்கானிக் ஒருநாள் சொன்னார், "சார், டிரைவர் சைடு டிரன்னியன் காலி. யாரு இதுக்கு கிரீஸ் அடிச்சது?"

அடித்தது ஒரு சர்வீஸ் ஸ்டேஷன் பையன். நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் அடிக்கத்தானே எவனுக்கும் கை வரும்? டிரன்னியன் என்பது முன்சக்கரத்தின் உட்பக்கம் கீழே இருக்கும் பித்தளைக் கட்டை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஓர் இரும்புத் தண்டு அதற்குள் மரையோடு மரையாகச் சுழலும். அதற்கு 90ஆம் நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது மேலேயே இறுகி உட்கார்ந்துகொள்ளும். உள்ளே தண்ணீர் போய், துருப்பிடித்து, ஒருநாள் தண்டு முறியும். அப்போது சக்கரம், சண்டி மாடு நடுத்தெருவில் முன்னங்காலை மடக்குவதைப் போல மடங்கி உட்காரும். "தண்டு தப்பிச்சிடுச்சு. கட்டை மட்டும் பார்த்து எடுத்துட்டு வாங்க" என்றார் மெக்கானிக்.

புதுப்பேட்டையில் ஒரு பொருளுக்கு இரண்டு விலை. பெயர் தெரியாதவரை அது எடைக்கு எடை பித்தளை. "ஹெரால்டு" என்று வாயைத் திறந்தால் அந்த நொடியே புராதனச் சின்னம். ஆகவே கெட்டிக்காரன் பெயரைச் சொல்ல மாட்டான். நானும் சொல்லவில்லை. பழைய கட்டையைச் செய்தித்தாளில் சுற்றி மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டு, எதையோ பறிகொடுத்தவன் மாதிரி கடை கடையாக நடந்தேன். நாலாவது கடையில், கைப்பிடி போன கதவுகளுக்கும் டைனமோ மூட்டைக்கும் நடுவில், அது கிடந்தது.

"இது இன்னா பாய், பித்தளையா? மேஜை மேல பேப்பர் வெயிட்டா வச்சுக்கலாம்போல இருக்கு."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு என் மஞ்சப்பையைப் பார்த்தார். "பேப்பர் வெயிட்டுக்கு எதுக்கு சார் சாம்பிள் கொண்டாந்துகீறே?"

பையின் அடியில் கிரீஸ் ஊறி வட்டமாகத் தெரிந்தது.

இருநூற்றைம்பது ரூபாய்ப் பித்தளை 2,500 ரூபாய் டிரன்னியன் ஆனது. பேரத்தில் 1,800. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்பது பொருத்தமும் பார்த்தோம்: உயரம் சரி, துளை சரி, நிறம்கூடச் சரி. பத்தாவது பொருத்தம் உள்ளே, ஐம்பது வருஷக் கிரீஸுக்குக் கீழே இருந்தது.

மெக்கானிக் அதை மண்ணெண்ணெயில் கழுவி, தண்டில் வைத்து, இரண்டு தரம் திருகிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "இது லெஃப்ட் மரை சார்."

டேபிள் ஃபேன் இறக்கையின் மூடியைக் கழற்றத் தெரியாமல் திண்டாடியவர்களுக்குத் தெரியும், எதிர்ப்பக்கம் திருகும் மரை. ஹெரால்டில் ஒரு சக்கரத்துக்கு வலது மரை, மறு சக்கரத்துக்கு இடது மரை. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பாய் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார், வித்தது வித்ததுதான். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "மரை கழண்டவங்களைப் பார்த்திருக்கேன். மரையை மாத்தி வாங்கிட்டு வர்றவரை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி.

என்னிடம் உபரியாக ஓர் இடது இருக்கிறது; ஊரில் எவனிடமாவது உபரியாக ஒரு வலது இருந்தே தீரும். இந்த வியாபாரமே அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. மூன்று வாரம் விசாரித்ததில் மாம்பலத்தில் ஒரு பெரியவர் அகப்பட்டார். மாடிப்படி ஏறும்போதே மனசுக்குள் பேரத்தை ஒத்திகை பார்த்தேன். டெயில்லைட் கண்ணாடி ஒன்றையும் ஆசை காட்டக் கையோடு எடுத்துப் போயிருந்தேன்.

ஊஞ்சலுக்குப் பக்கத்தில் சின்ன மேஜை. அதன்மேல் கரண்ட் பில், கேஸ் பில், பென்ஷன் காகிதங்கள். அவற்றின்மேல், ஃபேன் காற்றுக்குப் பாரமாக, பளபளவென்று ஒரு டிரன்னியன்.

"வாரத்துக்கு ஒருதரம் புளி போட்டுத் தேய்ப்பேன்" என்றார். "வண்டியை வித்து முப்பது வருஷம் ஆச்சு தம்பி. கடைசியா மாத்தறதுக்குன்னு வாங்கி வச்சது. மாத்தறதுக்குள்ள கேட்டவன் வந்துட்டான்."

அவர் சுண்டுவிரலை உள்ளே விட்டு நகத்தால் மரையை வருடினார். என்னுடையதை வாங்கி அதையும் வருடினார். மெக்கானிக்குக்குத் தண்டு தேவைப்பட்டது. இவருக்கு நகம் போதும். "உன்னுது இடது. இது வலது."

நான் பர்ஸை எடுத்தேன். டெயில்லைட்டையும் எடுத்து வைத்தேன். அவர் இரண்டையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஆயில்தானே விடறே?"

"இனிமே ஆயில்தான் சார்."

"கிரீஸ் அடிச்சேன்னு கேள்விப்பட்டேன், வந்து புடுங்கிட்டுப் போயிடுவேன்." வலதை என் கையில் வைத்தார். பில்கள் படபடத்தன. சட்டென்று என் இடதை எடுத்து அவற்றின்மேல் வைத்து, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எந்தப் பக்கத்து மரைன்னு காத்துக்குத் தெரியவா போகுது?" என்றார். பிறகு உள்ளே திரும்பி, புளி இருக்கிறதா என்று கேட்டார்.