எந்தக் காலத்துப் பச்சை?

லெம்பா பெர்த்தாம் முன்பு எவ்வளவு பச்சையாக இருந்தது! இப்போது எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் கூரை. பழைய கேமரன் மலை திரும்புமா?
– வாசகர், ரிங்லெட்

எந்தப் பழையது? 1929-இல் ‘போ’ தேயிலை நிறுவனம் வந்தது; காடு போனது. நீங்கள் ஏங்கும் தேயிலைப் பச்சை அப்படி வந்ததுதான். இங்குள்ள பூர்வகுடிகளான செமாய் மக்களைக் கேட்டால் அவர்களுடைய ‘அந்தக் காலம்’ அதற்கும் முந்தியது. இன்று வந்திருப்பதற்கும் பசுமைக்குடில் என்றுதான் பெயர். பச்சை பெயரில், வெள்ளை கூரையில்.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானே என்பீர்கள். இல்லை. தேயிலைச் செடி பல பத்தாண்டுகள் நின்ற இடத்திலேயே நின்று மண்ணைப் பிடித்திருக்கும். குடிலின் காய்கறிப் பாத்தியை அறுவடைக்கு அறுவடை கொத்த வேண்டும். கூரையில் விழும் மழையும் ஊறாமல் ஓடும். அடித்துப் போகும் சேறு, 1963-இல் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் படிந்து, தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2013 அக்டோபரில் கனமழைக்கு அணையைத் திறந்தார்கள். கீழே பெர்த்தாமில் உயிர்கள் போயின. குடில்காரர் பிழைக்க வேண்டாமா? வேண்டும், நமக்கும் கீரை வேண்டும். ஆற்றங்கரையிலும் செங்குத்துச் சரிவிலும் மட்டும் குடில் வேண்டாம் என்று கேளுங்கள். ஏக்கத்துக்கு அதுதான் உருப்படியான வேலை.