அரைப்பேர்

தோட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அரைப்பேர் விழுந்த நாட்களில் என் அம்மா கணக்கப்பிள்ளையின் ஏழு தலைமுறையையும் லயத்து வாசலுக்கு இழுத்து வந்து விசாரிப்பார். நான் பண்டாரவளை டவுனில் மேசை உத்தியோகம் பார்த்து, அறுபதில் ஓய்வுபெற்று, பறவை பார்க்கக் கிளம்பியபோது அதே கணக்கைத்தான் எனக்கும் வைத்துக்கொண்டேன். பறவையை முழுசாகப் பார்த்துப் பெயர் சொல்ல முடிந்தால் முழுப்பேர். வாலை மட்டும் பார்த்தால் அரைப்பேர். இரண்டு வருஷத்துச் செக்ரோல், அதாவது பேர் பதியும் புத்தகம், இப்போது கையில் இருக்கிறது. முழுப்பேர் விழுந்த இனங்களில் காகமும் மைனாவும் அடக்கம்.

இந்தக் கிறுக்கு ஒரு புத்தகத்தால் வந்தது. ஜி. எம். ஹென்றி எழுதிய இலங்கைப் பறவைகள் கையேடு, 1955இல் வெளிவந்தது. ஹென்றி 1891இல் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். படங்களையும் அவரே வரைந்தார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர், நானும் தோட்டத்தில் பிறந்தவன் என்று ஒரு அற்ப சந்தோஷம். அவர் பிறந்தது லயத்தில் அல்ல என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூலகத்திலிருந்து இரண்டு கிழமைக்கு எடுத்த புத்தகம் பதினொரு மாதம் என் கட்டிலுக்கடியில் கிடந்தது. இது முதல் குற்றம். சின்னது என்பதால் முதலில் சொல்கிறேன்.

அந்தப் புத்தகத்தில் என்னைப் பிடித்தது அரெங்கா. சீழ்க்கை அடிக்கும் ஒரு காட்டுக்குருவி. இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது, இங்கேயும் மலைக்காட்டில் மட்டும்தான். ஆண் கருநீலம், தோளில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு, பெண் மண்ணிறம். வெயில் விழாத ஓடைப் பள்ளங்களில், பாசி பிடித்த கற்களுக்கு இடையில் நத்தையும் பூச்சியும் பொறுக்கித் தின்னும். விடியற்காலையிலும் பொழுதுபடும்போதும் காதைக் கிழிக்கிற மாதிரி நீளமாக ஒரு சீழ்க்கை, அவ்வளவுதான் அடையாளம். 1872இல் ஹோல்ட்ஸ்வொர்த் என்பவர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது சாமுவேல் பிளை என்ற கோப்பித் துரையின் பெயரைச் சேர்த்து வைத்தார்.

கோப்பித் துரை என்றதும் எனக்கு ஒரு கணக்கு ஓடியது. துரை காட்டுக்குள் பறவை தேடிய காலத்தில், அந்தக் காட்டை வெட்டிக் கொளுத்திக் கோப்பி நட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? எங்கள் ஆட்கள்தான். 1869இல் இலைநோய் வந்து கோப்பி செத்தது. பிறகு அதே மலைகளில் தேயிலை ஏறியது. குருவிக்கு மிஞ்சியது கத்தி போக முடியாத செங்குத்துப் பள்ளங்கள் மட்டும். இன்று அது அழிவை நெருங்கும் பட்டியலில் இருக்கிறது. ஆகவே நான் தேடிப் போனது, என் கொள்ளுப்பாட்டன் யாருடைய வீட்டை இடித்தாரோ அந்தக் குடும்பத்தை. அவர்கள் என்னைக் கண்டால் ஒளிவதில் ஆச்சரியம் என்ன?

முதல் தேடல் ஹோட்டன் சமவெளி. அங்கே அரெங்கா குளம் என்று அந்தக் குருவியின் பெயராலேயே ஒரு குளம் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து வேன் பிடித்து, மூன்று மணிக்கே கிளம்பி, ஒஹிய வழியாக ஏறினோம். குளிர். கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். கண் விழித்தபோது மற்ற மூன்று பேரும் குளத்தடியிலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டார்களாம். அதுவும் சோடியாக. வேனுக்குள் ஒருவன் போட்ட குறட்டையை மீறி அதன் சீழ்க்கை கேட்டது என்று அவர்களில் ஒருவர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லி வருகிறார்.

அந்த அவமானத்தில்தான் தனியாகத் தேடுவது என்று தீர்மானித்தேன். மார்கழி, தை மாதம். பண்டாரவளையிலிருந்து பூனாகலை பஸ். பூனாகலை ஓயா அந்த மலைகளில் இறங்கி, கொஸ்லந்தைக்கு அப்பால் தியலுமவில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து, கிரிந்தி ஓயாவோடு தெற்கே போகிறது. அருவியைப் பார்க்க உலகமே வருகிறது. அதற்கு மேலே, தேயிலைக்கு நடுவில் மலையைப் பிளந்துகொண்டு இறங்கும் சின்னப் பள்ளங்களுக்கு யாரும் வருவதில்லை. அப்படி ஒரு பள்ளத்துக்குள் நான் இறங்கினேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். காரணம் உங்களுக்கே புரியும்.

காலுக்குச் சவர்க்காரம் தேய்த்திருந்தேன், அட்டை ஏறாதென்று. அட்டை ஏறியது. அதோடு சவர்க்காரக் காலும் வழுக்கியது. முதல் அரைமணிக்குள் ஓடைக்கல்லில் மஞ்சள் வயிற்றோடு ஒரு குருவி வாலை ஆட்டி ஆட்டி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கம் குறிப்பு எழுதினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து மலையகத்து ஓடையெல்லாம் நிறைந்து கிடக்கும் வாலாட்டி. பள்ளத்துக்கு மேலே நீளச் சிறகு விரித்து, மரத்தலைகளை உரசுவதுபோல் ஒரு கறுப்பு உருவம் மெதுவாக மிதந்து போனது. கறுப்புக் கழுகாக இருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் மலைமுடுக்கில் மறைந்துவிட்டது. அரைப்பேர்.

அப்போதுதான் கேட்டது. நீளமாக, மெல்லியதாக, ஊசி குத்துவதுபோல் ஒரு சீழ்க்கை. ஹென்றி எழுதியது அப்படியே! நிற்கவில்லை அது, விட்டுவிட்டு வந்தது. நாணலைப் பிடித்து, கல்லைப் பிடித்து, சில இடங்களில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, முக்கால் மணி நேரம் அதைத் தேடி ஏறினேன். சத்தம் கிட்டத்தில் வந்தது. கடைசிப் புதரை மெல்ல விலக்கி, தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டு போனேன்.

பீலி.

மேட்டு ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாயின் மூட்டில், சைக்கிள் டியூப் சுற்றிய இடத்தில், தண்ணீர் பீய்ச்சிச் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே ஐந்தாறு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் குறுக்குக் கட்டிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். புதருக்குள்ளிருந்து அறுபது வயது ஆம்பிளை ஒருவன், கண்ணில் தொலைநோக்கியோடு, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துவைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கல்லில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு ஒரு பாட்டி கேட்டார்: "என்னா சேர் இங்க நிண்டு பாக்குறீங்க?"

குருவி பார்க்க வந்தேன் என்பதுதான் உண்மை. அந்த இடத்தில், அந்தக் கோலத்தில், அதை யார் நம்புவார்? எனக்கே நம்பிக்கை வரவில்லை. வாய் திறக்காமல் நின்றேன். குளித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்திதான், துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எனக்கு வழி காட்டினாள்.

"மண்சரிவு பாக்க வந்த சேரா?"

தலையாட்டினேன்.

2014 ஒக்டோபர் 29இல் அதே மலைத்தொடரில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனதிலிருந்து, மழைக்காலம் வந்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் ராத்திரியில் தூங்குவதில்லை. யார் கையில் கருவியோடு வந்து மலையை அண்ணாந்து பார்த்தாலும் அவர்களுக்கு அது ஒரு செய்தி. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினேன். பயம்.

அதற்குப் பிறகு என் கையில் ஒன்றுமில்லை. "வாங்க சேர், வெடிப்பைக் காட்டுறோம்" என்று லயத்துக்குக் கூட்டிப்போனார்கள். சுவரில் கைவிரல் நுழையும் வெடிப்பு. "போன தடவ வந்தவரு சோக்கட்டியால கோடு போட்டுட்டுப் போனாரு. இப்ப வெடிப்பு கோட்டைத் தாண்டிருச்சு." நான் தொலைநோக்கியால் வெடிப்பைப் பார்த்தேன். மூன்றடி தூரத்தில் அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லாரும் அமைதியாகக் காத்து நின்றார்கள், எனவே கொஞ்ச நேரம் பார்த்தேன்.

சாயம் கொண்டு வந்தார்கள். உள்ளங்கையில் சீனி. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது எடுக்கிற ஊவாத் தேயிலைக்கு வெளிநாட்டில் பெரிய பெயர். வைன் ருசிப்பவர்களைப் போலவே வாயில் வைத்து உறிஞ்சித் துப்பி விலை வைப்பார்கள். அந்த வாசத்தில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது என்கிறார்கள், கைகால் வலிக்குத் தேய்க்கும் தைலத்தில் இருக்கும் அதே சரக்கு. லயத்தில் எனக்குக் கிடைத்தது தூள்தேயிலை. வாசம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு என் முட்டிக்குத் தைலம்தான் தேவைப்பட்டது.

"பேரைக் குறிச்சுக்குங்க சேர்" என்றார் பாட்டி. "வேற எடம் குடுத்தா எங்க பேரு வுட்டுப் போயிரக்கூடாது. ஏழு பேர்ச்சஸ் குடுக்குறதா எப்பவோ சொன்னாங்க." மறுக்க ஒரு வார்த்தை போதும். நான் கொப்பியைத் திறந்தேன். ஒரு பக்கத்தில் "கொண்டைக்குருவி 3, குக்குறுவான் (சத்தம் மட்டும்), வாலாட்டி 1". அடுத்த பக்கத்தில் பதினொரு குடும்பத் தலைவர்களின் பெயர், ஆள் எண்ணிக்கை, சின்னப் பிள்ளைகள் எத்தனை. கையெழுத்து அழகாக இருக்கிறது. முப்பது வருஷ மேசை உத்தியோகம். தொலைபேசி இலக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். கடைசி எண்ணை மாற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த ராத்திரியே ஒரு கடிதம் எழுதினேன், இந்த இடத்துக்கு உண்மையான ஆளை அனுப்பும்படி. எந்தக் கந்தோருக்கு என்று யோசித்து யோசித்து, விலாசம் எழுதாமலே கொப்பிக்குள் வைத்தேன். பிறகு மழை வந்தது. பிறகு என் மகளின் கல்யாணம். அந்தப் பக்கம் அதற்குப் பிறகு நான் போகவில்லை. பதுளைக்குப் போய் துன்ஹிந்தவில் வெளிநாட்டுக்காரர்களோடு வரிசையில் நடந்து, குரங்கு பார்த்துவிட்டு வருகிறேன். அரெங்கா இருக்கத் தக்க இடம் அந்தப் பள்ளம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

போன மாதம் பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். சாக்கு விரித்துப் போஞ்சி விற்றுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அதே பாட்டி.

"சேர்! நீங்க குடுத்த நம்பர் வேல செய்யல்ல. எங்க பேரெல்லாம் என்னா ஆச்சு?"

"மேல அனுப்பியிருக்கு" என்றேன்.

"கெதியாப் பாருங்க சேர், மழை தொடங்கப்போவுது" என்று சொல்லிக்கொண்டே அரைக் கிலோ போஞ்சி நிறுத்தார். அதற்கு மேல் இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

போஞ்சியை வாங்கிக்கொண்டு வந்தேன்.