ஐந்து சிப்பம் அரிசி

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள் பளுதூக்கும் பயிற்சியில் சேர வேண்டும் என்கிறாள். ‘பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, பேகம்பூர், திண்டுக்கல்

பதில்: பூட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்றை மகளின் ஆசைக்கு மாட்டிவிடாதீர்கள், தாயே!

மாமியாருக்குக் கர்ணம் மல்லேஸ்வரியைப் பற்றிச் சொல்லுங்கள். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கத்துக் கிராமத்துப் பெண். 1994, 1995 இரண்டு ஆண்டும் 54 கிலோ பிரிவில் உலக சாம்பியன். பெண்கள் பளுதூக்குதலை ஒலிம்பிக்கில் சேர்த்ததே 2000-இல், சிட்னியில்தான். அங்கே 69 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 110, கிளீன் அண்ட் ஜெர்க் 130, ஆக 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

130 கிலோ என்றால் ஐந்து சிப்பம் அரிசிக்கும் மேலே. தரையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு மேல். நடுவர் சைகை காட்டும்வரை ஆடாமல் நிற்க வேண்டும்.

தங்கம் வென்ற சீன வீராங்கனை தூக்கியது 242.5. வெறும் இரண்டரை கிலோ வித்தியாசம்! கடைசி வாய்ப்பில் மல்லேஸ்வரி 137.5-க்குப் போனார், நிற்கவில்லை. ஒரே தாவலில் ஏழரையைக் கூட்டியிருக்க வேண்டாமே என்று எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அதே மல்லேஸ்வரி 2021-இல் டெல்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ஆனார்.

மகளைக் கூட்டிக்கொண்டு மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போய்ப் பயிற்சியாளரை விசாரியுங்கள். மாமியாரும் கூட வரட்டும்.