மாடி காலி, கீழே நெரிசல்!

கேள்வி: லெபோ பசார் கடையில் இன்னும் ஒரு 486 கணினி ஓடுகிறது. 8 எம்பி மெமரி இருந்தும், டாஸ் கணக்கு மென்பொருள் ‘மெமரி போதாது’ என்று அடம்பிடிக்கிறதே, ஏன் ஐயா?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: உங்கள் ஊர்க் கடைவீட்டுக் கதைதான். மாடி காலியாகக் கிடக்கும். ஆளும் சரக்கும் கீழே முட்டி மோதும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி, புரோகிராம்களுக்கு ஒதுக்கிய கீழ்த்தளம் 640 கேபி. எத்தனை எம்பி சேர்த்தாலும் டாஸ் அங்கேயேதான் குடித்தனம் நடத்தும்.

டாஸ் 5 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் வழி உண்டு. கான்ஃபிக்.சிஸ் கோப்பில் முதலில் ஹைமெம்.சிஸ், அடுத்து ‘நோஇஎம்எஸ்’ சேர்த்த இஎம்எம்386, பிறகு ‘டாஸ்=ஹை,யுஎம்பி’ என மூன்று வரி எழுதுங்கள். டாஸின் பெரும்பகுதி மாடியேறிவிடும். மவுஸ் டிரைவரையும் ‘லோட்ஹை’ போட்டுப் பின்னாலேயே அனுப்புங்கள். ‘மெம் /சி’ என்று தட்டினால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

கோபத்தில் பாயான் லெப்பாஸ் இன்டெல் ஆலைப் பக்கம் கல்லெறிய வேண்டாம். அந்த ஐபிஎம் பிசியின் 8088 சில்லு, 1972-இல் உங்கள் தீவில் ஆலை திறந்த இன்டெல்லுடையதுதான். ஆனால் அது 1 எம்பி வரை தாராளமாகக் கொடுத்தது. 640-இல் கோடு கிழித்தது ஐபிஎம்!