மந்திரி வரும்வரை மூச்சுத் திணறாதே

நம் நாட்டில் எந்தப் பரீட்சையாக இருந்தாலும் சில பேராவது ஃபெயில் ஆவார்கள். ஆஸ்பத்திரிகளில் நடக்கும் தொற்றுநோய் ஒத்திகையில் மட்டும் ஒருவர் தோற்றதாக நான் படித்ததில்லை. 2022 டிசம்பர் 27 அன்று நாடு முழுக்கக் கொரோனா ஒத்திகை நடந்தது. 2023 ஏப்ரல் 10, 11 தேதிகளில் மறுபடியும், 2025 ஜூன் தொடக்கத்தில் இன்னொரு தடவையும் நடந்தது. ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை முன்னதாகவே வந்தது, தேதியும் பேப்பரில் வந்தது. வைரஸுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பெங்களூரில் இந்த வைபவம் எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், மாப்பிள்ளை அழைப்பு எந்த மண்டபத்தில் நடந்தாலும் மாப்பிள்ளை அழைப்புதான். முதல் நாள் சாயங்காலமே பினாயில் வாடை தூக்கும். எமர்ஜென்சி வாசலில் பாயும் ஃபிளாஸ்க்குமாகப் படுத்திருக்கும் சொந்தக்காரர்களை வாட்ச்மேன் பின்பக்கம் விரட்டிவிடுவார். ஆக்சிஜன் பிளான்ட்டின் பூட்டுக்குச் சாவி தேடுவார்கள். நோயாளியாக நடிக்க ஒரு நர்சிங் மாணவன் கிடைப்பான். காலை ஒன்பதுக்கே அவனை ஆம்புலன்சில் ஏற்றிப் படுக்கவைத்து விடுவார்கள். மந்திரி வருவதோ பதினொன்றரைக்கு. அதுவரை பையனுக்கு மூச்சுத் திணறக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

கார் வந்ததும் சைரன் அலறும். ஸ்ட்ரெச்சரைத் தள்ள எட்டுப் பேர் ஓடிவருவார்கள். மற்ற நாட்களில் அதே ஸ்ட்ரெச்சரை நோயாளியின் மருமகன்தான் தள்ளுவார், ஒரு சக்கரம் சுற்றாது. பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திணறுவான். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 என்று காட்டும், அது யாருக்கும் உறுத்தாது. மந்திரி சிலிண்டர் மீட்டரைத் தட்டிப் பார்ப்பார். "முழு திருப்தி" என்பார். டீ, பிஸ்கட். பையன் எழுந்து செருப்பைத் தேடுவான்.

இந்த நாடகத்தில் சீட்டு எழுதும் கவுன்ட்டர்க்காரருக்கும், வாசல் வாட்ச்மேனுக்கும், தரை துடைக்கும் அம்மாவுக்கும் வேஷம் கிடையாது. மூவரும் கான்ட்ராக்ட் ஆட்கள், பயிற்சி என்று ஒருவரும் அவர்களைக் கூப்பிடுவதில்லை. ஆனால் நிஜத் தொற்று சைரன் வைத்துக்கொண்டு வராது. காய்ச்சலோடும் இருமலோடும் ஆட்டோவில் வந்து இறங்கும். அதன் முகத்தில் முதலில் விழிப்பவர் வாட்ச்மேன், இரண்டாவது ஆள் கவுன்ட்டர்க்காரர். அப்புறம் அது பெஞ்சில் நாற்பது பேருக்கு நடுவே உட்கார்ந்து முறைக்காகக் காத்திருக்கும். டாக்டர் கவச உடையை அழகாக மாட்டிக் காட்டுவது அதற்கெல்லாம் பிறகு வரும் காட்சி.

உருப்படியாகச் செய்தவர்களும் உண்டு. 2014இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் எபோலாக் காய்ச்சலோடு எமர்ஜென்சிக்குப் போனார். மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து இறந்தார், இரண்டு நர்ஸ்களுக்கும் தொற்றியது. அடுத்த ஆண்டே நியூயார்க் நகரம் தன் 49 எமர்ஜென்சி பிரிவுகளுக்குள் வேஷம் போட்ட நோயாளிகளை அனுப்ப ஆரம்பித்தது. அம்மை என்றும் மெர்ஸ் என்றும் அறிகுறி சொல்லிக்கொண்டு போனார்கள், வாசலில் இருந்தவர்களுக்குத் துப்பே கொடுக்கவில்லை. 95 ஒத்திகைகளின் முடிவில் 19 ஆஸ்பத்திரிகள் ஒரு தடவையாவது தோற்றிருந்தன. ஊழியர்கள் கை கழுவியது மூன்றில் ஒரு பங்கு ஒத்திகைகளுக்குச் சற்று மேல்தான். இத்தனையையும் 2017இல் அச்சிட்டு வெளியிட்டார்கள். எவ்வளவு வெட்கங்கெட்ட ஜனங்கள் பாருங்கள்.

நாமும் அப்படி ஒரு பரீட்சை நடத்தினோம், அடக்கத்தினால் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. 2020 ஜூன் கடைசியில் ஐம்பது வயது தாண்டிய ஒருவரை, மூச்சுத் திணறலோடு, முன்னறிவிப்பே இல்லாமல் பெங்களூரின் 18 ஆஸ்பத்திரி வாசல்களுக்கு அவர் குடும்பமே அலைந்து அழைத்துப்போனது. பதினெட்டும் சேர்க்கவில்லை. நியூயார்க்கில் வேஷக்காரர் எழுந்து வீட்டுக்குப் போனார். இவர் செத்துப்போனார். அரசு நோட்டீஸ் அனுப்பியது. எந்தக் கதவில், யார் வாயால், என்ன காரணம் சொல்லி அவரைத் திருப்பினார்கள் என்ற பதினெட்டு பதில்களையும் வைத்து ஒரு பாடத்திட்டமே எழுதியிருக்கலாம். எழுதினார்களா?

மாறாக, கூடாரம் போட்டோம். துமகூரு சாலைக் கண்காட்சி வளாகத்தில் 10,100 கொரோனாப் படுக்கை, நாட்டிலேயே பெரியது என்று தம்பட்டம். ஆள் இல்லை என்று 2020 செப்டம்பரில் இழுத்து மூடினோம். ஏழே மாதத்தில் ஒரு படுக்கைக்காக ஊரே போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதது. சாம்ராஜ்பேட்டை மயானத்தில் சினிமாக் கொட்டகை போல "ஹவுஸ்ஃபுல்" பலகை தொங்கியது. 2021 மே 2, 3 தேதிகளில், சாமராஜநகர் மாவட்ட ஆஸ்பத்திரியில் 24 மணி நேரத்துக்குள் 24 பேர் போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல் போனவர்கள் மூவர்தான் என்றார் சுகாதார அமைச்சர். உயர்நீதிமன்றம் போட்ட குழு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஜூலை 20 அன்று பாராளுமன்றத்தில் அந்த மூன்றும் காற்றில் கரைந்தது: ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பிட்டுச் சொல்லவில்லையாம். ஒத்திகையில் ஆக்சிஜன் குறையாது, பதிவேட்டில் பிணம் இருக்காது. இதுவல்லவா முன்னேற்பாடு!

பெயர் வைப்பதிலும் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2024 ஆகஸ்டில் அஜ்மீரில் "விஷாணு யுத்த அப்யாஸ்", அதாவது வைரஸ் போர்ப் பயிற்சி, என்று ஒன்றை நடத்தி, எல்லாம் பெரும்பாலும் துரிதம், பொருத்தம் என்று மத்திய அரசே சான்றிதழ் எழுதிக்கொண்டது. மறு மாதமே, பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த 24 வயது இளைஞர் கேரளாவின் மலப்புரத்தில் நிபா வைரஸுக்குப் பலியானார். அவரோடு பழகியவர்களை இந்த ஊரில் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் அதே நிபா ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே ஆளிலிருந்து ஆளுக்குத் தாவியது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, நோயாளியைப் பார்த்துக்கொண்ட பாவத்துக்கு உயிரை விட்டார். மடிவாளாவிலிருந்து கேரளாவுக்கு ராத்திரிக்கு எத்தனை பஸ் போகிறது, எத்தனை வருகிறது என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆகவே அடுத்த ஒத்திகைக்கு ஒரு யோசனை. செலவு கிடையாது. சுற்றறிக்கை வேண்டாம், கேமரா வேண்டாம், நர்சிங் பையனும் வேண்டாம். நோயாளியாக மாண்புமிகு சுகாதார அமைச்சரே நடிக்கட்டும். ராத்திரி இரண்டு மணி, லுங்கி, மங்கி குல்லா, பி.பி.எல். கார்டின் ஜெராக்ஸ், ஆட்டோ. பி.ஏ. கூட வரக் கூடாது. "மூணு நாளாக் காய்ச்சல், கேரளாவிலிருந்து வந்தேன்" என்று மட்டும் சொல்லலாம், தான் யார் என்று சொன்னால் ஃபெயில். வாசலில் அவரை எத்தனை நிமிடம் நிறுத்தினார்கள், மாஸ்க் யார் கொடுத்தார், எத்தனை கட்டடத்துக்கு "அங்கே போ" என்று துரத்தினார்கள் என்பதை அவரே குறித்துவைத்து விடியற்காலையில் பத்திரிகைகளுக்குத் தரட்டும். சீட்டு வாங்கச் சில்லறை எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் அந்த நேரத்தில் கவுன்ட்டரில் திட்டுவார்கள்.